மச்சான் விட்ட பந்து

கொட்டுச் சத்தம் கண்மாய்க் கரையைத் தாண்டிக் கேட்டபோது, முத்திருளன் நேற்று ஹாக்கி ஆட்டத்தில் அடித்த கோலை ஐந்தாவது ஆளுக்கோ ஆறாவது ஆளுக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

சொல்லச் சொல்ல அது மாறிக்கொண்டே வந்தது. முதலில் சொன்னபோது கூட ஆடும் துளசிராம் தள்ளிய பந்து வந்தது, அடித்தான், கோல் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்தவரிடம் சொல்லும்போது இடது பக்கம் போக்குக் காட்டியதும் சேர்ந்துகொண்டது. இப்போது பெரிய மாமனிடம் சொல்கையில், அடிப்பதற்கு முன்னால் கோலில் நின்ற மச்சானின் கண்ணைப் பார்த்ததாகவும் சொல்லிவிட்டான்.

பார்த்தானா? சொன்ன பிறகுதான் யோசித்தான். மைதானம் முழுக்கப் புழுதி. வெயில் எதிரே. அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“கதைய அப்புறம் அளக்கலாம். மாமன் வீட்டுச் சீரு வருது, எதுக்க வந்து நில்லுடா” என்று அக்காள் சின்னத்தாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பரவை ஊருக்கு மேற்கே, பனங்காட்டை ஒட்டிய கருப்புசாமி கோயில். முத்திருளனுடைய மகன் காளைக்கு இன்று காதுகுத்து. முடி இறக்கியாயிற்று. மூன்று வயதுப் பிள்ளை, சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்து, அங்கே இருந்தது எங்கே போனது என்று விளங்காமல் தாய் அன்னக்கொடியின் இடுப்பில் உட்கார்ந்திருந்தான்.

தகப்பனும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தான். நேற்று கோப்பையை வாங்கியதிலிருந்து சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷம் எங்கோ பக்கத்தில்தான் இருந்தது. கைக்கு வரவில்லை.

பெர்லின் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் ஜெயித்து வந்ததிலிருந்து மதுரைச் சீமையில் மில் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஹாக்கிப் பித்து. முத்திருளனுக்கு மில்லில் ஸ்டோர்ஸ் வேலை என்று பெயர். சம்பளம் என்னவோ கையில் பிடிக்கும் ஹாக்கிக் கட்டைக்குத்தான். சென்டர் பார்வர்டு. முன்வரிசையின் நடு ஆள். பந்தைக் கோலுக்குள் அனுப்ப வேண்டியவன். அனுப்பினால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அனுப்பாவிட்டால், சாப்பாட்டு வேளையில் பக்கத்து பெஞ்சு காலியாக இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் ஆட்டப் பருவம் முடிந்ததும் “வர்ற வருஷம் பார்ப்போம்” என்று மானேஜர் சொல்வார். அப்படிப் பார்த்துப் பார்த்தே முப்பது தாண்டிவிட்டது. இடது முட்டி மழைக்கு முன்பே மழையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் மட்டும் மானேஜர் வேறு மாதிரிச் சொன்னார்: கோப்பை வந்தால் வேலை நிரந்தரம், மில் லைன் குடியிருப்பில் வீடு. சென்னையில் மாகாண அணித் தேர்வுக்கும் அனுப்புவார்கள்.

கோப்பை வந்துவிட்டது. ஆட்டம் முழுவதற்கும் ஒரே கோல். அவன் அடித்த கோல்.

எதிரே திண்டுக்கல் தோல்ஷாப் அணி; தோல் பதனிடுகிற கம்பெனி. அந்தக் கோலில் நின்றவன் நல்லகாமன், அன்னக்கொடியின் கூடப் பிறந்த அண்ணன். இன்று காளையைத் தன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன்.

கொட்டுக்காரர்கள் முன்னால் வர, தட்டுகளைத் தலையில் ஏந்திய பெண்கள் பின்னால் வந்தார்கள். பூ, பழம், வெல்லம், பிள்ளைக்குப் பட்டுத்துணி, சின்னச் சின்னக் கடுக்கன். நடுவில் நல்லகாமன், புது வேட்டியில், எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவன் நேற்றுத் தோற்ற ஆள் என்று யாரும் சொல்ல முடியாது.

“வா மச்சான்” என்றான் முத்திருளன்.

“வந்துட்டேன் மாப்ள” என்று நல்லகாமன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். அந்தப் பெரிய கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தோளில் இருந்ததுபோலத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம்.

சின்னத்தாய் ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்தாள். மாமன் சீரைப் பார்த்துக் குறை சொல்வது அவளுடைய உரிமை. சொல்லாவிட்டால்தான் மாமன் வீட்டாருக்கு வருத்தம்.

“எல்லாஞ் சரி. கெடா எங்கப்பா நல்லகாமா?”

கொட்டு நின்றிருந்த நேரம். எல்லாருக்கும் கேட்டது. மாமன் வீட்டிலிருந்து ஒரு கிடாய் வர வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் வரவில்லை.

நல்லகாமன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“கெடாவ நேத்தே குடுத்துட்டேனே அத்தாச்சி. மைதானத்துல வச்சு, ஒங்க தம்பி கையில புடிச்சுக் குடுத்தேன். தின்னு செரிச்சிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிறாரு பாருங்க.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. “அடி ஆத்தி, அம்புட்டுப் பெரிய கெடாவா?” என்று ஒரு கிழவர் கேட்க, மறுபடி சிரிப்பு. சின்னத்தாயும் சிரித்தாள். கொட்டு மறுபடி தொடங்கியது.

முத்திருளனும் சிரித்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதை எப்போது எடுப்பது என்று தெரியவில்லை.

ஆசாரி ஊசியை எடுத்தார். நல்லகாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். ஒரு கை பிள்ளையின் நெற்றியில், மறு கை மோவாயில். பிள்ளை முதல் காதுக்கு அசையவில்லை. என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது காதுக்கு வீறிட்டுத் துள்ளியது. அந்தக் கைகளுக்குள் தலை ஒரு நெல்மணி அளவுகூட நகரவில்லை.

முத்திருளன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறு வயதிலிருந்து அவன் அடித்த பந்துகளை அந்தக் கைகளும் கால்களும்தான் தடுத்தன. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே நாளில் கட்டை பிடித்தார்கள். ஓடச் சோம்பல் என்று நல்லகாமன் கோலில் போய் நின்றான். பிறகு அங்கிருந்து நகரவேயில்லை. ‘நீ எந்தப் பக்கம் அடிக்கப் போறேன்னு ஒன் தோளே எனக்குச் சொல்லிரும் மாப்ள’ என்பான்.

நேற்று அந்தப் பந்து வலது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் போனது. பலமான அடிகூட இல்லை. அப்போது சந்தேகம் வரவில்லை. பத்துப் பேர் மேலே விழுந்து கட்டிப் பிடிக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

சமையல் நடக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம். அன்னக்கொடியை அங்கே கூப்பிட்டான். அவள் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஒங்க அண்ணன் சொன்னது என்ன?”

“எது?”

“கெடா.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

“கேலிக்குச் சொல்லுச்சு. அது வாய் சும்மா இருக்குமா?”

“நீ ஏதாச்சும் சொன்னியா அவன்கிட்ட?”

அடுப்பருகே இரண்டு பெண்கள் உப்புப் போதுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை ஒரு முடிவுக்கு வரும் வரை அன்னக்கொடி அடுப்புப் பக்கமே பார்த்திருந்தாள்.

“சொன்னேன்” என்றாள்.

அவன் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

“காதுகுத்துக்கு அழைக்கப் போனேன்ல, அப்பச் சொன்னேன். அண்ணே, இந்த ஒரு தடவ அவுக ஜெயிக்கட்டும். இல்லைன்னா மில்லுல வேணாம்னு அனுப்பிச்சிருவாக. எனக்குக் கெடாவும் வேணாம், துணியும் வேணாம், இத மட்டும் செஞ்சு குடுன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“ஒண்ணுஞ் சொல்லல. காலுக்குக் கட்டுற தோல்பட்டையத் தச்சுக்கிட்டு இருந்துச்சு. தலைய நிமிரவே இல்ல. ஊசியக் கோத்துக் குடுன்னுச்சு, கோத்துக் குடுத்தேன். சாப்பிட்டுப் போன்னுச்சு. அம்புட்டுத்தான்.”

“செய்யுறேன்னு சொன்னானா?”

“சொல்லல.”

“மாட்டேன்னு?”

“அதுவுஞ் சொல்லல.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புளியம்பூ உதிர்ந்து கிடந்தது. அன்னக்கொடி அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. குரல்தான் உயர்ந்தது.

“நான் என்ன ஊரான்கிட்டயா போயிக் கையேந்துனேன்? கூடப் பொறந்தவன்கிட்டக் கேட்டேன். ராவெல்லாம் ஒங்க முட்டிக்கு ஒத்தடம் குடுக்குறவ நானு. இன்னும் எம்புட்டு வருசம் ஓடுவீக? அஞ்சு வருசமா நீங்க மில்லுப் பக்கம், நான் இங்கிட்டு. ஞாயித்துக்கெழம வர்ற விருந்தாளிய அப்பான்னு கூப்பிடவே புள்ள யோசிக்குது.”

“நான் அடிச்ச கோல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“நீங்கதான அடிச்சீக? எங்க அண்ணனா வந்து அடிச்சுச்சு?”

அவள் கேட்டதில் தப்பு இல்லை. அவன்தான் அடித்தான். அதற்கும் நடந்ததற்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது.

“போங்க. வந்தவுகள கவனிங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நல்லகாமன் கண்மாய்க் கரையில் தனியாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கண்மாயில் தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. இரண்டு கொக்குகள், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல்.

முத்திருளன் பக்கத்தில் உட்கார்ந்தான். பீடி முடிந்தது. நல்லகாமன் இன்னொன்றை எடுத்தான். பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“தங்கச்சி சொல்லிருச்சா?” என்றான் கடைசியில்.

“சொல்லிருச்சு.”

“ம்.”

ஒரு கொக்கு பறந்துபோனது. மற்றது நின்றது.

“விட்டியா மச்சான்?”

“கோல் கோல்தான் மாப்ள. வாங்கி வச்சுக்க.”

“நான் கேட்டது அது இல்ல.”

நல்லகாமன் சிரிக்கவில்லை. அவனைச் சிரிப்பில்லாமல் பார்த்து வெகு நாளாகிவிட்டது. வேறு யாரோ போல இருந்தான்.

“விடணும்னுதான் நேத்துக் காலைல ரயில் ஏறுனேன். அது பொய்யில்ல. மொதப் பாதில நீ ரெண்டு தடவ அடிச்ச. ரெண்டையும் தடுத்துட்டேன். தடுத்த பெறகுதான், அட, விடணும்னுல்ல வந்தோம்னு நெனப்பே வருது.”

“அப்ப மூணாவது?”

“அதான் தெரியல.”

“தெரியலைன்னா?”

“தெரியலைன்னா தெரியலதான். பந்து வந்துச்சு. கால் போகல. நான் போகாம வச்சேனா, அதுவே போகலையா? படுத்துக்கிட்டு நெனச்சு நெனச்சுப் பாத்தேன், புடிபடல. ஒரு வாட்டி நெனச்சா நானே விட்ட மாதிரி இருக்கு. அடுத்த வாட்டி நெனச்சா, நீ நல்லா ஏமாத்திட்ட மாதிரி இருக்கு.”

“பெறகு எதுக்கு ஊருக்கு முன்னால கெடான்னு சொன்ன?”

“அத்தாச்சி கெடா எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கையில கெடா இல்ல. இந்த வருசம் வெள்ளாமையும் இல்ல. வாயில வந்தத எடுத்து விட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாங்கள்ல?”

முத்திருளன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறியப் போனான். எறியாமல் வைத்துக்கொண்டான்.

“விடலைன்னு ஒரு வார்த்த சொல்லு மச்சான். போதும்.”

“சொன்னா நம்புவியா?”

யோசித்தான். நம்ப மாட்டான்.

“விட்டேன்னு சொன்னா?”

அதையும் நம்ப முடியாது என்று தோன்றியது. அந்த அடியில் ஏதோ ஒன்று சரியாக விழுந்தது. கட்டையிலிருந்து தோள் வரை அவன் அதை உணர்ந்தான். ஆனால் அப்படி உணர்ந்ததும் நேற்றா, இன்று காலை ஆறு பேரிடம் சொன்னதாலா?

பந்திக்கு வரச்சொல்லி அங்கிருந்து குரல் கேட்டது. நல்லகாமன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“எங்க தோல்ஷாப்புல இது எவன் காதுலயும் விழுந்துறப்படாது மாப்ள. விழுந்தா மறுநாளே என்னை வெளிய தள்ளிருவாங்க. அத மட்டும் பாத்துக்க.”

முதல் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவன் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, சோறு விழுந்து, குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கண்மாய்க் கரையில் ஒரு கார் வந்து நின்றது. அதற்கு மேல் வண்டிப்பாதைதான். காரிலிருந்து இரண்டு பேர் இறங்கி நடந்து வந்தார்கள்.

ஒருவன் துளசிராம். மில்லில் பாவு ஓட்டும் பிரிவு ஆள், அணித் தலைவன், நேற்று பந்தைத் தள்ளிக் கொடுத்தவன். மற்றவர் கறுப்புக் கோட்டுப் போட்ட பெரியவர்; போட்டிக் கமிட்டியில் இருக்கும் வக்கீல்.

“மன்னிக்கணும், விசேஷ நேரத்துல வந்துட்டோம்” என்றார் வக்கீல். துளசிராம் வீட்டில் கவிச்சி கிடையாது என்று தெரிந்ததால் சின்னத்தாய் இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

துளசிராம் முத்திருளனைப் பந்திக்குச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனான். முகம் மலர்ந்திருந்தது. மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினான்.

“லைன்ல கிணத்துக்குப் பக்கத்து வீடு. மானேஜர் நேத்து ராத்திரியே கொடுத்துட்டார். வேலையும் நிரந்தரம். மெட்ராஸ் தேர்வுக்கு உன் பேர் போகுது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சமாச்சாரம்.”

பின்னாலேயே வந்த வக்கீல் அந்தச் சின்னச் சமாச்சாரத்தைச் சொன்னார். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஓர் அரைவட்டம் போட்டிருக்கும். அதற்குள் வந்து அடித்தால்தான் கோல். வெளியே நின்று அடித்த பந்து உள்ளே போனாலும் கணக்கில்லை. முத்திருளன் வெளியே நின்று அடித்தான் என்று தோல்ஷாப் முதலாளி புகார் கொடுத்திருக்கிறார்.

“அம்பயரைக் கேட்டோம். புழுதியில கோடு சரியாத் தெரியலைங்கிறார். எதிர்க்கட்சி கோல்கீப்பரைக் கேட்டோம், கவனிக்கலைன்னுட்டார்.” வக்கீல் பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அவர் இங்கேயே இருக்காரா? சொந்தமா? தெரியாதே.”

“பிள்ளைக்குத் தாய்மாமன்” என்றான் முத்திருளன்.

“சந்தோஷம். கடைசியில, அடிச்சவர் வார்த்தையை எடுத்துக்கறதுன்னு ரெண்டு பக்கமும் சம்மதிச்சாங்க. போன வருஷம் பந்து உங்க கால்ல பட்டுச்சுன்னு நீங்களே கையைத் தூக்கினீங்களே, அதை தோல்ஷாப் முதலாளியே எங்ககிட்டச் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உள்ளேயா, வெளியேயா?”

“இதுல கேக்க என்ன இருக்கு?” என்றான் துளசிராம். “நான் பக்கத்துல நின்னேன். நல்லா உள்ளே வந்துதான் அடிச்சான். சொல்லு முத்திருளா. சார் வெயில்ல நிக்கிறார்.”

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். அன்னக்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றாள். துளசிராம் கையில் இருந்த சாவியை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இதுவரை அவள் முகத்தில் இல்லாத ஏதோ ஒரு அமைதி வந்திருந்தது.

முதல் இலையில் நல்லகாமன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

முத்திருளன் நேற்றைய ஆட்டத்தை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான். இடது பக்கம் போக்குக் காட்டினானா, தெரியவில்லை. மச்சானின் கண்ணைப் பார்த்தானா, தெரியவில்லை. அந்தக் கால் நகராமல் நின்றதா, நகர்த்தாமல் வைத்ததா, அந்தக் காலுக்கு உரியவனுக்கே தெரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் வெட்ட வெளிச்சமாக இருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது அவன் கால். கோட்டை மிதித்தபோது காலடியில் வெள்ளைப் பொடி எழும்பியது. அதற்குப் பிறகுதான் அடித்தான்.

அந்த ஒன்றைச் சொன்னால் போதும். வீடு வரும், வேலை வரும், மெட்ராஸ் வரும். அந்தக் கோலும் வரும். ஆயுள் முழுவதும் அது கோலா கிடாயா என்று கேட்டுக்கொண்டே அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். மெட்ராஸில் கட்டையைப் பிடிக்கும்போதும் கேட்க வேண்டும்.

அந்தக் கோல் இல்லையென்றால் ஆட்டம் சமம். சமம் என்றால் மறுபடி ஆட வேண்டும்.

“வெளியே” என்றான்.

அவன் குரல் அவனுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. இன்று காலையிலிருந்து அவன் தடுமாறாமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

“என்னடா சொல்றே?” என்றான் துளசிராம்.

“வெளிய இருந்துதான் அடிச்சேன். கோடு எனக்கு முன்னால இருந்துச்சு.”

துளசிராம் அவனையே பார்த்தான். கோபம்கூட இன்னும் வரவில்லை. தன் கண்ணால் பார்த்ததைத் தானே சந்தேகிக்கிறவனைப்போல நின்றான். “நான் பார்த்தேனே” என்று மெதுவாகச் சொன்னான். “நம்ம பசங்க ஒன்பது பேர்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?”

அந்த ஒன்பது பேரை முத்திருளன் இந்த நேரம் வரை நினைக்கவேயில்லை.

வக்கீல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்களைப் பத்திக் கேள்விப்பட்டது பொய்யில்லை” என்றார். “அப்போ வர்ற ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம். அதே மைதானம்.” அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது. முத்திருளனுக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

துளசிராம் சாவியை மடியில் செருகிக்கொண்டு, பாதி குடித்த இளநீரைக் கீழே வைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தியில் நல்லகாமன் கையை உதறினான். எழுந்துவிட்டான்.

“என்னப்பா இது, ஒரு வாய்கூட வைக்கலையே!” என்று சின்னத்தாய் ஓடி வந்தாள். “தாய்மாமன் எந்திரிச்சா பந்தி என்னத்துக்கு ஆகும்? ஒக்காருப்பா, நல்லா இருப்ப.”

“வயிறு சரியில்ல அத்தாச்சி.”

சோற்றுக் கையோடு அவன் முத்திருளன் எதிரே வந்து நின்றான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

“அடிச்சது உள்ள இருந்துதான?”

முத்திருளன் அவனைப் பார்த்தான்.

“வர்ற ஞாயித்துக்கெழம அடி மாப்ள. தங்கச்சி புருசன்னு பாக்க மாட்டேன். அப்பப் பாரு, ஒம் மச்சான் எப்படி நிக்கிறான்னு.”

அவன் கண் சிவந்திருந்தது. கொடுத்த சீரைத் திருப்பி முகத்தில் எறிந்துவிட்டான் என்ற கோபமா அது? இல்லை, உண்மையாகவே தோற்ற ஒருவனைப் பார்த்து, ‘நீ விட்டுக்கொடுத்தவன்’ என்று சொன்னதால் வந்த கோபமா? முத்திருளன் அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

நல்லகாமன் கண்மாயில் கையைக் கழுவிக்கொண்டு, கரையோடு ரோட்டைப் பார்க்க நடந்தான். தட்டு சுமந்து வந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். கொட்டுக்காரர்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்னக்கொடி பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். அண்ணனுடைய இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பிசைந்த சோற்றோடு அதை மெதுவாக மடித்தாள். மடித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“நெசமாவே வெளிய இருந்துதான் அடிச்சீகளா?”

அவள் கேட்டது சண்டைக்கு அல்ல. வெளியே என்றால் அவள் பொறுத்துக்கொள்வாள். புழுதியைக் குறை சொல்வாள், கோட்டைக் குறை சொல்வாள், இன்னும் ஒரு வாரம் காத்திருப்பாள். அவள் முகத்தில் அதற்கு இடம் இருந்தது.

அவளிடம் சொல்ல அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கோட்டை மிதித்தபோது எழும்பிய அந்த வெள்ளைப் பொடி.

அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.